மலாவியில் எங்கள் சின்ன அறக்கட்டளை: கேட்டதும் சொன்னதும்

இங்கிலாந்தில் சம்பள ஆள் ஒருவர்கூட இல்லாத சிறு அறக்கட்டளை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கில் உள்ள ஓர் உள்ளூர் அமைப்பு வழியாகத்தான் எங்கள் வேலை முழுக்க நடக்கிறது. வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, நேரடியாக ஊருக்கே அனுப்பாமல் நடுவில் எதற்கு ஓர் அமைப்பு? அவர்கள் சம்பளத்துக்கும் நம் காசுதானே போகிறது?

போகிறது, போகத்தான் வேண்டும். எந்த ஊர்த் தலைவரை முதலில் பார்ப்பது, மாவட்ட அலுவலகத்தில் யாரிடம் சொல்லிவைப்பது, இதெல்லாம் லண்டனில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? நவம்பரில் மழை விழுந்தால் எல்லோரும் மக்காச்சோளக் காட்டில்தான், கூட்டம் போட்டால் ஆள் வராது என்பதுகூட அவர்கள் சொல்லித்தான் தெரியும். கிணறு வேண்டும், ஆனால் அதைப் போய்ப் பார்க்கிற பையனின் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட மாட்டேன் என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தால் எத்தனை வருடம் ஓடும்?

கிணற்றைவிட அதன் மேல் உள்ள அடிபம்பைப் பற்றிக் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் ஆஃப்ரிடேவ் பம்புதான், ஊர்க்காரர்களே கழற்றி மாட்டட்டும் என்று 1980களில் வடிவமைத்தது. ஒரே ஸ்பேனர் போதும். தலையைத் திறந்து கம்பியை உருவினால் பிஸ்டன் மேலே வந்துவிடும், அதே கம்பியை விட்டு அடிவால்வையும் கொக்கி போட்டு இழுத்துவிடலாம், குழாயைத் தொடவே வேண்டாம். நம் ஊர் இந்தியா மார்க் 2 அடிபம்பில் குழாயையே மொத்தமாகத் தூக்கியாக வேண்டும்; அந்தத் தொல்லை தீர கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து வந்ததுதான் மார்க் 3. சரி, ஆஃப்ரிடேவில் தேய்வது என்னவோ ஒரு சின்ன ரப்பர் சீலும் பிளாஸ்டிக் புஷ்ஷும்தான். ஆனால் அதை வாங்க, பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஊர்த் தண்ணீர்க் குழுவின் கையில் காசு இருக்க வேண்டும், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் விற்கும் கடை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நம் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று நிற்கும். அதனால் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் தொடங்கிய பிறகே துளை போடும் லாரியை வரச்சொல்கிறோம்.

பழைய துணி நிறைய இருக்கிறது, பெட்டி கட்டி அனுப்பட்டுமா?

வேண்டாம். அங்கே சந்தைக்குச் சந்தை பழைய துணி குவிந்து கிடக்கிறது, கௌஞ்சிகா என்பார்கள், அதை விற்றுப் பிழைக்கிறவர்களும் ஏராளம். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. மொசாம்பிக்கிலோ தான்சானியாவிலோ இறக்கி, லாரி வைத்து, சுங்கம் கட்டி... அந்தச் செலவைப் பணமாகவே கொடுத்துவிடுங்கள்.

2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்து டாலரின் விலையை 44 விழுக்காடு ஏற்றினார்களே, பவுண்டில் அனுப்பும் உங்களுக்கு லாபம்தானே?

தாளில் லாபம். ஆனால் பெட்ரோல், உரம், பம்பு உதிரிகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை, விலை ஏறிவிடும். குவாச்சாவில் சம்பளம் வாங்கும் களப்பணியாளருக்கு அதே சம்பளத்தில் முன்னைவிடக் குறைவான சாமான்தான் வரும். இந்த மாதிரி நேரத்தில் பழைய பட்ஜெட்டை வைத்துக்கொண்டு "மிச்சம் எங்கே" என்று கேட்கிற நன்கொடையாளரைப் போல எரிச்சலூட்டுகிறவர் வேறு யாரும் இல்லை. பட்ஜெட்டைத் திறந்து முதலில் சம்பளத்தை ஏற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஏமாற்ற மாட்டார்களா?

இங்கே இருக்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்களா? மொத்தமாகக் கொடுக்காமல் தவணையாக அனுப்புகிறோம், ரசீதும் வங்கிக் கணக்கும் பொருந்தினால்தான் அடுத்தது. ஊர்க் கூட்டத்தில் தொகையை உரக்கப் படித்துவிடச் சொல்கிறோம். அது என் தணிக்கையைவிடக் கடுமை.

மாதம் 10 பவுண்டு தருகிறேன். ஒரு குழந்தையின் படிப்புக்கு என்று ஒதுக்க முடியுமா?

ஒதுக்காமல் கொடுத்தால் நல்லது. எந்த மாதம் எது அவசரம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். நீங்கள் இங்கிலாந்தில் போதுமான வருமான வரி கட்டுகிறவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் (நீங்கள் கட்டிய வரியில் ஒரு பங்கை அரசு அறக்கட்டளைக்குத் தரும் ஏற்பாடு) கையெழுத்துப் போடுங்கள், அந்த 10 பவுண்டு எங்களுக்கு 12.50 ஆகும். வீட்டு முகவரியை மறக்காமல் எழுதுங்கள், பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.