முதன்முறையாக நாயுடன் பாலை மணலில் நடக்க விரும்புகிறேன். எளிய, அழகான இடம் எது?

நெடுநடைப் பழக்கம் இல்லை, வீட்டில் இரண்டு வயது நாய் இருக்கிறது, அமெரிக்காவின் வெள்ளை மணல்மேடுகளில் ஒருவர் தம் நாயுடன் நடக்கும் காணொளியைப் பார்த்ததிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது, அதற்கு ராஜஸ்தான் வரை போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை என்று குறிப்பிட்டிருப்பதால், நாயை நீங்கள் மொட்டை மாடியிலும் தெருமுனை வரையிலும்தான் நடத்திப் பழகியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே வந்த பதில்களில் சிலர் ஜெய்சால்மர் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள். ஒருவர் தமிழ்நாட்டில் பாலை மணல் ஏது என்றே கேட்டுவிட்டார். நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் என்றாலும் என் தாயின் ஊர் உடன்குடிப் பக்கம், தேரி என்று நாங்கள் சொல்லும் செம்மணல் மேடுகளின் ஓரம். அதனால் அந்தக் கேள்வியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் குதிரைமொழித் தேரி கிடக்கிறது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் மண் முழுவதும் செக்கச்செவேல் என்று இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே ஆனி, ஆடியில் இறங்கும் காற்று, பனையும் கொல்லாமாவும் (முந்திரி) பிடித்து வைக்காத இடங்களில் இந்த மணலை இன்றும் வாரி இறைக்கிறது. கற்கால மனிதர்கள் செதுக்கிய சிறு கற்கருவிகள் இத்தகைய தேரிகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-இல் விரிவாக எழுதினார்கள். இது பாலைவனமே அல்ல, இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்கிறது, மணலுக்கு அடியில் நீரும் இருக்கிறது என்று புவியியல் படித்தவர்கள் திருத்த வருவார்கள் என்பது தெரியும். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் கேட்டவர் தேடுவது காலநிலை வகைப்பாட்டை அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் மணல் அலையலையாகத் தெரிய, தம் நாயோடு அதில் நடக்கும் ஒரு காலைப் பொழுதை. அதைத் தேரி குறைவின்றித் தரும்.

எங்கள் செவலை, கல்மண்டபம் அருகே தெருவில் பிறந்த நாட்டு நாய். பொங்கல் முடிந்து நாங்கள் ஊருக்குப் போகும்போது அண்ணனின் காரில் அதுவும் வரும். விடிவதற்கு முன்பே மாமா வாசலில் நின்று, "மருமவளே, வெயில் மணல்ல இறங்கங்குள்ள நாம கரையேறிரணும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய பயிற்சி வகுப்பு. எங்கள் பனந்தோப்பைத் தாண்டியதும் மணல் மேடேறத் தொடங்கும். அந்த நேரத்தில் மணல் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இரவில் ஊர்ந்த வண்டுகளும் ஓடிய முயல்களும் விட்டுப்போன தடங்கள் அழியாமல் தெரியும். சென்னையில் மீன்கடை வாசனையைத் தவிர வேறெதற்கும் நிற்காத செவலை, ஒவ்வொரு தடத்திலும் மூக்கை வைத்து நின்றுவிடும். அதை இழுக்காதே என்று மாமா சொல்வார். நாய்க்கு அதுதான் இயற்கைக் காட்சி என்பது அவருடைய கருத்து, இப்போது என்னுடையதும். வடக்கே திரும்பினால் பனந்தலைகள், கிழக்கே திரும்பினால் கடல் இருக்கும் திசையில் வெளுக்கும் வானம். சூரியன் மேலேறியதும் செம்மண் ஒரு சில நிமிடங்களுக்கு எரிவது போலத் தோன்றும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். தொலைவு என்று பார்த்தால் சொற்பம்தான், ஆனால் கால் புதையும் மணலில் ஒரு கிலோமீட்டர் என்பது தார்ச் சாலையில் நடக்கும் இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத உழைப்பு, மனிதருக்கும் நாய்க்கும்.

நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கோடை விடுமுறையில், முற்பகல் பத்து மணிக்கு மேல், நகரத்திலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் படம் எடுப்பதற்காகத் தங்கள் பக் வகை நாயை மணல்மேட்டில் ஏற்றிவிட்டது. சிறிது நேரத்தில் அதன் நாக்கு கருஞ்சிவப்பாகித் தொங்கியது, எச்சில் நூலாக வடிந்தது, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. மாமா அதைத் தூக்கிவந்து கொல்லாமா நிழலில் கிடத்த, நான் கிணற்று நீரை அதன் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றிக்கொண்டே இருந்தேன், அம்மா ஓலை விசிறியால் விடாமல் வீசினார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மூச்சு நிதானப்பட்ட பிறகே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னோம், பிழைத்துவிட்டது. முதலில் உடலைக் குளிர்விப்பது, அதன் பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புவது என்ற வரிசையைத்தான் கால்நடை மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடிவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது, நாய்க்குப் பாதத்தில் மட்டும் சிறிதளவு. எஞ்சிய சூட்டில் பெரும்பகுதி இரைக்கும் மூச்சின் வழியாகவே வெளியேற வேண்டும். மூக்கு தட்டையான பக், புல்டாக், ஷிட்சு போன்றவற்றால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. உங்கள் நாய் அந்த வகையானால், அல்லது ஹஸ்கி போன்ற அடர்ந்த ரோமம் உடையதானால், இந்தப் பயணமே வேண்டாம் என்பேன். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. பனிநாட்டு நாயை எண்ணூர் வெயிலில் வளர்ப்பதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, அதை இங்கே விரிக்கவில்லை. நாட்டு நாய், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை ரோமம் கொண்டவை இதற்கு ஏற்றவை, ஆனால் அவற்றுக்கும் வெயில் வெயில்தான்.

நீங்கள் பார்த்த காணொளி நியூ மெக்சிகோ மாநிலத்து ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவாக இருக்கக்கூடும். அங்கே மணல் என்று தெரிவது ஜிப்சம். அது வெயிலை உள்வாங்காமல் திருப்பி அனுப்புவதால் பாதம் சுடுவதில்லை. ஆறு அடிக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்க அனுமதிக்கிறார்கள். புதியவர்களுக்கென்று ஒரு மைல் நீளத்தில் வளைந்து திரும்பும் பாதையும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் செம்மணலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் நகராட்சியின் மலைப்பாதைகளில் நாயை அழைத்துப் போவதே குற்றம். நம் கணக்கில் அது ஏறத்தாழ 38 டிகிரி, சென்னை மே மாதத்தில் சாதாரணமாகக் காணும் வெப்பம்.

எங்கே இறங்குவது என்றால், காயாமொழியை அடுத்த தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலை ஒட்டிய மணற்பரப்பும், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குச் செல்லும் சாலையோரமும் புதியவர்களுக்கு எளியவை. சாலை கண்ணில் படும் தூரத்திலேயே நடந்து திரும்பலாம், வழி தவறாது. நாயைக் கோயிலுக்குள்ளோ சுனைக்கோ கொண்டுசெல்லக் கூடாது. உடன் வருபவர்கள் முறைவைத்து வெளியே நிற்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழா, பங்குனி உத்திரம் ஆகிய நாள்களில் கூட்டம் தாங்காது, அப்போது போகாதீர்கள். தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் உள்ளே நெடுந்தூரம் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், நாயோடு அந்த அனுமதியைக் கேட்பதும் முறையல்ல. அங்கே மயிலும் முயலும் வாழ்கின்றன. கயிற்றை ஒரு நொடியும் அவிழ்க்காதீர்கள்.

ஜெய்சால்மரைப் பரிந்துரைத்தவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். சாம், கூரி மணல்மேடுகளை ஒட்டியிருப்பது பாலைவனத் தேசியப் பூங்கா. உலகில் 200-கூட எஞ்சாத கானமயில், தரையில் முட்டையிடும் பறவை, பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் ஒதுங்கி வாழ்கிறது. நாய்கள் அதற்குப் பெரும் எதிரி. உங்கள் நாய் சாது என்பதை நம்புகிறேன், ஆனால் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் அதைக் கொண்டுபோய் அந்தப் பறவையின் நிலத்தில் நிறுத்துவதற்கு எந்த அவசியமும் இல்லை.

போவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நாயை மணலில் நடத்திப் பழக்குங்கள் என்று எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. வடசென்னையில் மணல் எங்கே இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டு மெரினாவாக விரிந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டு, வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போய், இப்போது கருங்கல் குவியல்கள்தான் கரை. அந்தக் கற்களின் மேல் நாயை எப்படி நடத்துவது? எங்கள் பகுதிக் குழந்தைகள் மணலில் கால் வைக்க மெரினாவுக்குப் பேருந்து ஏற வேண்டியிருப்பதை யாரும் குறையாகவே கருதுவதில்லை. ஆகவே உங்களுக்கும் மெரினாவின் விடியற்காலைதான் வழி, அல்லது பழவேற்காட்டுப் பக்கம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம் என்பதால், நாய் மணலைத் தோண்ட இடம் கொடுக்காதீர்கள்.

கழுத்துப்பட்டையை விட மார்புப் பட்டை நல்லது, மணலில் இழுக்கும்போது தொண்டை நெரியாது. தண்ணீர் உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு நாய்க்கும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அது கேட்கும் வரை காத்திராமல் இடையிடையே கொடுங்கள். பந்து வீசி விளையாட வேண்டாம், பந்தோடு விழுங்கும் மணல் குடலில் அடைத்துக்கொள்ளும். உடைமுள் பாதத்தில் ஏறினால் எடுக்க ஒரு இடுக்கி போதும். வறண்ட மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் உண்டு. புதர்களையும் காய்ந்த ஓலைக் குவியல்களையும் நாய் முகராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், தங்கும் ஊரின் கால்நடை மருத்துவர் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தால் மட்டுமே நாய் உங்களுடன் இருக்கலாம்; இல்லையென்றால் சரக்குப் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் ஏற்ற வேண்டும், அதற்குப் பார்சல் அலுவலகத்தில் முன்பே பதிய வேண்டும். அந்தக் கூண்டில் இரவு முழுவதும் தனியே வந்த நாய் மறுநாள் காலை மகிழ்ச்சியாக நடக்கும் என்று நான் நம்பவில்லை. வழித்துணைக்கு ஓட்டத் தெரிந்த இன்னொருவர் கிடைத்தால் 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் காரில், இரவு நேரத்தில், இடையிடையே இறக்கி நடத்திப் போவதே நல்லது. போய்ச் சேர்ந்த அன்று முழுவதும் நாயை ஓய்வெடுக்க விட்டு, மறுநாள் விடியலில் மணலுக்குப் போங்கள்.