நர்சிங் வகுப்பு தொடங்கப் போகிறீர்களா? பட்டியல் வரும்வரை பணப்பையைத் திறக்க வேண்டாம்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்களில் இரண்டாண்டு நர்சிங் படிப்பில் சேரவிருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் எழுதிய கேள்விகள் இவை. பெரும்பாலோர் திருமணமாகி, குழந்தைகளை ஓரளவு வளர்த்துவிட்டு மீண்டும் படிக்கப் போகிறவர்கள். குடும்ப வரவு செலவுக்கு நடுவே மிச்சம் பிடித்த பணத்தில் படிப்பவர்கள். ஒரு டாலர்கூட வீணாகக் கூடாது என்ற அக்கறையுடன்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. சீனியர் தோழி ஒருவர் பட்டியல் அனுப்பினார். ஸ்டெதாஸ்கோப், நான்கு ஜோடி ஸ்க்ரப்ஸ், புத்தகங்கள், டேப்லெட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு டாலரைத் தாண்டுகிறது. தள்ளுபடி இருக்கும்போதே வாங்கிவிடலாமா? (ஃப்ரீமான்ட் வாசகி)

வேண்டாம். உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அது அவருடைய கல்லூரி, அவருடைய ஆண்டு. நர்சிங் துறை அறிமுகக் கூட்டம் நடத்தி, எழுத்தில் ஒரு பட்டியல் தரும். அது கைக்கு வரும்வரை எதையும் வாங்காதீர்கள்.

முதலில் ஸ்க்ரப்ஸ், அதாவது மருத்துவமனைச் சீருடை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நிறம் உண்டு. பல இடங்களில் கல்லூரிச் சின்னம் தைத்த மேல்சட்டையை அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். கருநீலம் என்று நினைத்து நீங்கள் வாங்கியது வேறு நீலமாக இருந்தால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது. முதல் செமஸ்டரில் பயிற்சி வாரத்துக்கு ஓரிரு நாள்தான் இருக்கும். இரண்டு ஜோடி தாராளமாகப் போதும். மாற்றி மாற்றித் துவைத்துக்கொள்ளலாம்.

ஸ்டெதாஸ்கோப் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லிட்மன் நிறுவனத்தின் கிளாசிக் 3 என்ற மாடல் ஒரு மாணவிக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்யும். ஏறத்தாழ நூறு டாலர். அதற்கு மேல் இருக்கும் கார்டியாலஜி 4 ஏறத்தாழ இரு மடங்கு விலை. இதயப் பிரிவில் வேலைக்குப் போகும் நாளில் அதைப் பற்றி யோசிக்கலாம். நுரையீரல் ஒலியையும் ரத்த அழுத்தத்தையும் கேட்டுப் பழகுகிற காதுக்கு இப்போது அது தேவையில்லை.

இணையச் சந்தையில் லிட்மன் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன. அசல் என்றால் மார்பில் வைக்கும் உலோகப் பகுதியில் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். கிளாசிக் 3-க்கு ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. விலை பாதியாக இருந்து, விற்பவர் பெயரும் நீங்கள் கேள்விப்படாததாக இருந்தால் விலகிவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று பார்த்து வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குழாயில் பெயர் பொறித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக் கூடத்தில் எல்லாருடையதும் ஒரே கறுப்பு. ஆனால் பெயர் பொறித்ததைப் பல கடைகள் திரும்ப எடுக்க மாட்டா என்பதை நினைவில் வையுங்கள்.

பயிற்சிக் கூடத்துக்கான ஊசி, கட்டுத்துணி, கையுறை அடங்கிய பையைப் பெரும்பாலும் கல்லூரியே விற்கும். அதை வெளியில் தேட வேண்டாம். வினாடி முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். நாடி எண்ண அதுதான் வசதி, ஸ்மார்ட் வாட்ச்சைச் சில பயிற்சி இடங்களில் அனுமதிப்பதுமில்லை.

புத்தகங்களில்தான் அதிகப் பணம் போகிறது. உடற்கூறியல், உடலியங்கியல் போன்றவற்றுக்கு முந்தைய பதிப்பே போதும். எலும்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இந்தப் பாடங்களுக்கான நூல்களை இலவசமாகவே இணையத்தில் தருகிறது. மருந்துக் கையேடு மட்டும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கைகளும் அளவுகளும் மாறுகின்றன. பழைய புத்தகம் வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. புத்தகத்தோடு வரும் இணைய அணுகல் குறியீடு ஒருமுறை மட்டுமே வேலை செய்யும். வீட்டுப்பாடம் அந்தத் தளத்தில்தான் என்று ஆசிரியர் வைத்திருந்தால், மலிவாகக் கிடைத்த பழைய புத்தகத்தோடு குறியீட்டையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கூட்டிப் பார்த்தால் புதியதையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆகவே "குறியீடு கட்டாயமா?" என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

டேப்லெட்டை நீக்கிவிடுங்கள். தேர்வின்போது வேறு எதையும் திறக்க விடாதபடி கல்லூரி பயன்படுத்தும் பூட்டு மென்பொருள் டேப்லெட்டிலும் குரோம்புக்கிலும் ஓடாமல் போகலாம். வீட்டில் இருக்கும் மடிக்கணினி கல்லூரி சொல்லும் தேவைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அதுவே போதும்.

தாராளமாகச் செலவு செய்யலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான்: காலணி. பயிற்சி நாளில் உட்கார இடம் கிடைக்காது. முன்பக்கம் மூடிய, துடைத்தால் சுத்தமாகும் மேற்புறம் கொண்ட நல்ல காலணியை மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, போட்டுப் பார்த்து வாங்குங்கள். நிறம் என்ன என்பதற்கு மட்டும் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜில் குலுக்கலில் இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் "காத்திருக்க வேண்டாம், அடுத்த மாதமே சேரலாம்" என்று தினமும் போன் செய்கிறார்கள். எழுபதாயிரம் டாலர் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா? (சாக்ரமென்டோ வாசகி)

உங்கள் கடிதத்தில் ஏக்கம் தெரிகிறது. இரண்டு முறை இடம் தவறியவரிடம் "பொறுத்திருங்கள்" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் நீங்கள் வாங்கப் போகும் பொருள்களிலேயே மிகப் பெரியது அந்த இடம்தான். ஸ்டெதாஸ்கோப் தவறாக வாங்கினால் நூறு டாலர் போகும். கல்லூரி தவறினால் வருடங்களும் சேமிப்பும் போகும்.

கணக்கு பார்ப்போம். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். முன்பாடங்களோடு எழுபது யூனிட் படித்தாலும் 3,220 டாலர். புத்தகம், உடை, பரிசோதனை, உரிமக் கட்டணம் என்று இன்னும் சில ஆயிரம் சேர்த்தாலும் எழுபதாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு இடங்களிலும் படித்து முடித்தவர்கள் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு. பெறுவது ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம்.

தனியார் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்றைப் பாருங்கள். மாநிலச் செவிலியர் வாரியத்தின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆர்.என். கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பேச்சு முடிந்தது. அதே தளத்தில், ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் எத்தனை பேர் முதல்முறை தேர்வெழுதினார்கள், எத்தனை சதவீதம் தேறினார்கள் என்று ஆண்டுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது மாநில விதி. நீங்கள் 90-ஐ ஒட்டித் தேடுங்கள். ஓராண்டை மட்டும் பார்க்காமல் வரிசையாகச் சில ஆண்டுகளைப் பாருங்கள். மூன்றாவதாக, ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ. போன்ற தேசிய நர்சிங் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் உரிமம் பெற அது கட்டாயமில்லை. ஆனால் படைவீரர் மருத்துவமனைகளில் வேலைக்கும், சில மேற்படிப்புகளுக்கும் அது இல்லாவிட்டால் கதவு அடைபடும்.

மாநிலத் தனியார் கல்வி அலுவலகத்தின் கீழ் வரும் கல்லூரிகள், நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தங்கள் மாணவர்களின் தேர்ச்சி, வேலைவாய்ப்பு விவரங்களை அச்சிட்டுத் தர வேண்டும். தராமல் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், முதல் வகுப்பு நாள்வரை அல்லது சேர்ந்து ஏழு நாள்வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்து கட்டணத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு. எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

"வகுப்புக்கே வர வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அது குற்றம். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் போலி நர்சிங் பட்டயங்கள் 7,600-க்கும் மேல் விற்கப்பட்டதை மத்திய அரசு அம்பலப்படுத்தி, 25 பேர் மீது குற்றம் சாட்டியது. அந்தப் பட்டயங்களைக் காட்டி உரிமம் பெற்றவர்கள் மீது பல மாநில வாரியங்கள் நடவடிக்கை எடுத்தன.

காத்திருக்கும் காலத்தில் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள். சில கல்லூரிகள் குலுக்கலை விட்டு, மதிப்பெண்ணும் அனுபவமும் பார்த்துப் புள்ளி போடுகின்றன. நர்சிங் உதவியாளர் சான்றிதழ் வாங்கி வேலை பார்த்திருந்தால் அங்கெல்லாம் அது உதவும்.

கேள்வி: எனக்கு வயது 36. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். தடுப்பூசி அட்டை எதுவும் கையில் இல்லை. கல்லூரி கேட்கும் பரிசோதனைகளுக்கு நானூறு டாலர் ஆகும் என்கிறார்கள். குறைக்க வழி உண்டா? (சான் ஹோசே வாசகி)

உண்டு. இது நம் ஊரில் பிறந்த எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

உங்கள் இடது தோளுக்குக் கீழே சின்ன வட்டத் தழும்பு இருக்கிறதா? அது பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம். காசநோய்க்கு இங்கே வழக்கமாகச் செய்வது தோல் பரிசோதனை. முன்கையில் மருந்து ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய் வீக்கத்தை அளக்கச் சொல்வார்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு நோயே இல்லாமலும் அது வீங்கக்கூடும். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவரைப் பார்ப்பது என்று செலவும் கவலையும் வளரும். அதனால் முதலிலேயே ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். இக்ரா என்ற வகை. குவான்டிஃபெரான் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பி.சி.ஜி. அதைப் பாதிக்காது, ஒருமுறை போனால் போதும். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு இதுவே ஏற்றது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் சொல்கிறது. கல்லூரிப் படிவத்தில் தோல் பரிசோதனை என்று மட்டும் அச்சிட்டிருந்தால், ரத்தப் பரிசோதனையை ஏற்பீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவயதில் அம்மை போட்டிருந்தது என்றால் சின்னம்மைக்கான எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் தெரியும். தெரிந்தால் ஊசி தேவையில்லை. மற்றவற்றில் ஒரு சிக்கனம் உண்டு. பெரும்பாலான காப்பீடுகள் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளைக் கட்டணமின்றித் தருகின்றன. எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்குத்தான் பில் வருகிறது. உங்கள் கல்லூரி ஊசி போட்ட சான்றே போதும் என்று சொன்னால், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்குப் பரிசோதனையை விட்டு நேரே ஊசி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் இந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்.

வரிசையும் முக்கியம். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை முதலில் போட்டுவிட்டால் காசநோய்ப் பரிசோதனைக்கு நான்கு வாரம் காத்திருக்க நேரிடும். இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள், அல்லது ரத்தத்தை முதலில் கொடுங்கள். ஹெப்படைடிஸ் பி வழக்கமான மூன்று ஊசிகளுக்கு ஆறு மாதம் ஆகும். நேரம் குறைவென்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசியோடு முடியும் ஹெப்லிசாவ் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். சென்னையில் பி.காம். முடித்தேன். கல்வி உதவித்தொகை கிடைக்குமா? (டப்ளின் வாசகி)

எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசாவில், மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடைக்காது. கிரீன் கார்டு வந்த பிறகும், கையில் ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருப்பவர்களுக்குப் பொதுவாக அது இல்லை. வெளிநாட்டுப் பட்டமும் கணக்கில் வரும். மூன்றாண்டு பி.காம். இங்குள்ள பட்டத்துக்கு இணையா என்பதை உங்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் முடிவு செய்யும். கிரீன் கார்டு வந்தபின் அதை அவர்களிடம் கேளுங்கள்.

உங்களுக்கு உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. எச்-4 விசாவில் இருப்பவர்கள் கலிபோர்னியாவாசி என்ற தகுதி பெறலாம். ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்து, ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு போன்றவற்றால் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் யூனிட்டுக்கு 46 டாலர். இல்லையென்றால் பல கல்லூரிகளில் 300-க்கும் மேல். சேர்க்கை அலுவலகத்தில் யாராவது விசாவைப் பார்த்ததுமே வெளியூர் மாணவி என்று பதிந்துவிட்டால், மறுபரிசீலனை கேளுங்கள்.

படிப்புக்கான வரிச்சலுகையை நம்பித் திட்டமிடும் முன், தம்பதியரின் கூட்டு வருமானம் 1,80,000 டாலரைத் தொட்டால் அது முற்றிலும் போய்விடும் என்பதையும் பாருங்கள். கடைசியாக ஒன்று. உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு. படிக்கவும் மருத்துவமனைப் பயிற்சி எடுக்கவும் எச்-4 போதும். சம்பளத்துக்கு வேலை பார்க்க எச்-4 வேலை அனுமதி அட்டை வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) ஒப்புதலாகியிருக்க வேண்டும். அந்த நிலவரத்தை இன்றே வீட்டில் பேசிவிடுங்கள்.

கேள்வி: இணையத்திலேயே இருபது டாலருக்கு சி.பி.ஆர். சான்றிதழ் தருகிறார்கள். வாங்கலாமா? (ஃப்ரெஸ்னோ வாசகர்)

வாங்காதீர்கள். கல்லூரிகள் கேட்பது பெரும்பாலும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) புரொவைடர் அட்டை. பாடத்தை இணையத்தில் படிக்கலாம்; ஆனால் பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டும் நேரடித் தேர்வு இல்லாமல் அந்த அட்டை கிடைக்காது. அட்டை இரண்டு ஆண்டு செல்லும். ஆகவே வகுப்பு தொடங்கும் சில வாரங்களுக்கு முன் எடுத்தால், படிப்பு முடியும்வரை பெரும்பாலும் புதுப்பிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: என்கிளெக்ஸ் பயிற்சித் தொகுப்பு பாதி விலைக்கு வருகிறது. முதல் செமஸ்டரிலேயே வாங்கி வைக்கலாமா? (அதே வாசகர்)

இப்போது வேண்டாம். இவை மாதக்கணக்கில் செல்லுபடியாகும் சந்தாக்கள். நீங்கள் தேர்வெழுதும்முன் காலாவதியாகிவிடும். உங்கள் கல்லூரி ஏ.டி.ஐ. அல்லது ஹெசி என்ற தேர்வுத் தயாரிப்புப் பயிற்சியைக் கட்டணத்திலேயே சேர்த்திருக்கவும் கூடும். பில்லை வரிவரியாகப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலர், மாநில உரிம விண்ணப்பத்துக்குத் தனியாகச் சில நூறு டாலர். அந்தப் பாதி விலைப் பணத்தை இதற்கென்று எடுத்து வையுங்கள். கடைசி செமஸ்டரிலும் தள்ளுபடி வரும்.