ஆப்டிஷியன் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. 'கண்ணாடி விற்கிற வேலைக்கு எதற்குப் படிப்பு' என்கிறார்கள் வீட்டில். சேரலாமா?

சேருங்கள். உங்கள் வீட்டில் கேட்ட இதே கேள்வியை உதவித்தொகை நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். அதனால்தான் இதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போக மனசு வரவில்லை. நான் இப்போது மூன்றாம் வருடம்.

என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். புதுக் கண்ணாடி ஒன்று வாங்கினோம். போட்டு அரைமணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாங்கிய இடத்தில் போய்ச் சொன்னால் 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்றார்கள். சரியாகவில்லை. 'எனக்குத்தான் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை' என்று அம்மா பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு, கீறல் விழுந்த பழைய கண்ணாடிக்கே திரும்பிவிட்டார். புதியது மூன்று வருடம் டப்பாவிலேயே கிடந்தது.

இரண்டாம் வருடம், லென்சின் பவரை அளக்கும் லென்சோமீட்டர் கருவியைப் பழகும்போது அந்த டப்பாவை லேபுக்கு எடுத்துப் போனேன். பவரில் துளி பிசகு இல்லை, சீட்டில் எழுதியது அப்படியே இருந்தது. பிறகு இரண்டு லென்சிலும் ஒளிமையத்துக்கு, அதாவது ஒளி வளையாமல் நேரே போகும் இடத்துக்கு, மைப்புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஸ்கேலை வைத்தேன். 68 மில்லிமீட்டர். அன்று சாயங்காலம் அம்மாவை எதிரே உட்காரவைத்து, கண்மணிக்குக் கண்மணி அளந்தேன். 60. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு தடவை அளந்தேன். அதே 60.

இரண்டு அளவும் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். ஒரு கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் விலகல். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கு என்பது பிரென்டிஸ் விதி. 0.4 × 6, அதாவது கண்ணுக்கு 2.4 பிரிசம், இரண்டுக்கும் சேர்த்து 4.8. லென்ஸ் ஒளியை எவ்வளவு பக்கவாட்டில் திருப்புகிறது என்பதன் அளவுதான் பிரிசம். எதிரே இருப்பது இரண்டாகத் தெரியாமல் இருக்க, அம்மாவின் கண்கள் அவ்வளவு நேரமும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தலை வலிக்காமல் என்ன செய்யும்? அதே பவரில், அவர் முகத்துக்கு ஏற்ற சின்ன ஃப்ரேமில், மையம் சரியாக வைத்து லென்ஸ் போட்டோம். அன்று தூங்கப் போகும்போதுதான் கழற்றினார்.

'படித்து முடித்துக் கடைதானே வைக்கப்போகிறீர்கள், அதற்கு எதற்கு உதவித்தொகை?' என்று நேர்காணலில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். கண் பரிசோதனை ஒழுங்காக நடந்தும், காசு கொடுத்துக் கண்ணாடி வாங்கியும், அம்மாவுக்குப் பார்வை வந்து சேரவில்லை. அந்தக் கடைசி 8 மில்லிமீட்டரைக் கவனிப்பதுதான் நம் வேலை.

சிலர் சண்டைக்கு வருவார்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். நான் கண் மருத்துவரையோ, கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக்கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டையோ குறைத்துப் பேசவில்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, அதில் நாம் தலையிடக்கூடாது. 'இணையத்தில் வாங்கினேன், நன்றாகத்தானே இருக்கிறது' என்பவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பவர் 1 என்றால் அதே 4 மில்லிமீட்டர் விலகலுக்கு 0.4 பிரிசம்தான், பலருக்கு உறைக்காது. பவர் ஏற ஏறத்தான் உயிரை எடுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமல் இருப்பவர்கள் மட்டுமே 82 கோடிக்கு மேல். 2021-இல் உலக சுகாதாரப் பேரவை, ஒளிவிலகல் குறைபாட்டுக்கு (கண்ணாடி போட்டால் சரியாகும் பார்வைக் குறைக்கு) பயன்தரும் திருத்தம் கிடைத்தவர்களின் விகிதத்தை 2030-க்குள் 40 சதவீதப் புள்ளிகள் உயர்த்த இலக்கு வைத்தது. அந்தப் 'பயன்தரும்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி போட்டு நன்றாகத் தெரிந்தால்தான் கணக்கில் வரும். டப்பாவில் கிடப்பது வராது.

இன்னொரு ஆற்றாமையும் இருக்கிறது, நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை ஏன் வெள்ளி நிறத் தாளில் நிறமே இல்லாமல் அமுக்கி வைக்கிறார்கள்? விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் எனக்கே பாதிதான் தெரிகிறது. அதிகம் மாத்திரை சாப்பிடுவது வயதானவர்கள். கறுப்பு மையில் கொஞ்சம் பெரிதாக அச்சடிப்பதில் என்ன கஷ்டம்? என் உதவித்தொகை விண்ணப்பத்தின் நிபந்தனைகளும் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகத்தான் இருந்தன. அம்மா படிக்க முடியாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் சிறப்புக் குழந்தைகளுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை. பயிற்சியில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்குழந்தை வந்தாள். இவர்களுக்கு மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும், சாதாரண ஃப்ரேம் நிற்காது. கண்ணாடி நுனிமூக்குக்கு வழுக்க, அதற்கு மேலாகவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்' என்றார் கூட வந்தவர். மூக்கின் மேல் உட்காரும் பாலம் தாழ்வாக உள்ள ஃப்ரேம் எடுத்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக் கொடுத்தோம். தலையைக் குனிந்து பார்த்தாள், விழவில்லை. மறுபடியும் குனிந்தாள். கழற்றக் கேட்டதற்குத் தரவில்லை.

சேரும் முன் இரண்டை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: படிப்பு முடிந்தபின் அவர்களிடமே இத்தனை வருடம் வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா, நேரடிப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம். வீட்டில் இன்னும் ஒப்பவில்லை என்றால், யாராவது போடாமல் வைத்திருக்கும் கண்ணாடி ஒன்று நிச்சயம் இருக்கும். ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.