18 முடிந்தபின் யார் துணை?

கேள்வி: காப்பகத்தில் நாங்கள் போய்ப் பார்த்துவரும் பெண்ணுக்கு இன்னும் 3 மாதத்தில் 18 முடிகிறது. வெளியே வந்தபின் உறவு அறுந்துபோகாமலிருக்க என்ன செய்யலாம்?

பதில்: இப்போதே தொடங்குங்கள். இளைஞர் நீதிச் சட்ட விதிகளின்படி 21 வயதுவரை பிற்காப்பு உதவி, அதாவது காப்பகத்தை விட்டு வெளியே வந்தபின் சொந்தக் காலில் நிற்கத் தரும் உதவி, கேட்கலாம். தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை நீட்டிப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் இதையெல்லாம் முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவைப் பார்த்து, அவளுடைய பிற்காப்புத் திட்டத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பல உறவுகள் அறுவது சண்டையால் அல்ல, சிம் மாறுவதால். வேண்டிய 5 பேரின் எண்களை அவள் கையாலேயே நோட்டில் எழுதி, ஆதார் நகலோடு வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் தினமும் பேசிவிட்டு அப்புறம் காணாமல் போய்விடாதீர்கள். அது அவளை நொறுக்கிவிடும். ஞாயிறு மாலை 7 மணிக்கு ஒரே ஒரு போன் போதும், ஆனால் தவறக்கூடாது. காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போய் நில்லுங்கள். பொங்கலுக்கு ஹாஸ்டல் மூடினால் எங்கே தங்குவாள் என்பதையும் மார்கழியிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.