துரையின் ஊரைத் தேடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தாத்தா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். தோட்டத்தை நிர்வகித்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவருக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பியிருக்கிறார். ஏழெட்டு கார்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதில் உள்ள முகவரி நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். இங்கிலாந்தில் படிக்கும் என் மகள் அங்கே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறாள். நெட்டில் தேடினால் ஜனத்தொகையும் ஒரு சர்ச் படமும்தான் வருகிறது. அந்த ஊரின் சரித்திரத்தை எங்கே தேடுவது? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, முதல் வேலை, அந்தக் கார்டுகளை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நாம் எப்போதும் கார்டை வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம், ஆனால் தபால் முத்திரையும் தேதியும் உறையில்தான் இருக்கும்.

மகள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் பழைய சர்வே வரைபடங்களையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் உள்ளதை எடுங்கள், கிணறு, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாம் தெரியும். டூம்ஸ்டே புத்தகத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1086-ல் மன்னர் வில்லியம் எடுத்த கணக்கு அது. நார்ஃபோக், சஃபோக், எசெக்ஸ் மூன்றுக்கும் மட்டும் ஆடு, பன்றி வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கிராமத்தை நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத்தான் வர வேண்டும். 1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, வீடு வீடாக, பெயர், வயது, தொழிலோடு இருக்கிறது. 100 வருஷம் மூடி வைத்துவிட்டுத்தான் திறப்பார்கள். 1921 வரை திறந்தாகிவிட்டது, 1931-ஆம் வருஷத்து ஏடுகள் 1942-ல் தீயில் போய்விட்டன, போர் நடந்ததால் 1941-ல் எடுக்கவே இல்லை. இதில் நான் மிகவும் மதிப்பது 1911. அந்த வருஷத் தாள்கள் குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பியபடியே கிடைக்கின்றன. கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று தனித்தனிக் கட்டங்கள் அதில் உண்டு. நம் பாட்டிமார் "பெத்தது எட்டு, நின்னது அஞ்சு" என்று சொல்வார்களே, அதே கணக்கை ஒரு பண்ணைக்கூலி மசியில் எழுதி வைத்திருப்பார். உங்கள் துரை அப்போது சிறுவனாக இருந்திருந்தால் அவர் பெயரும் அந்தத் தாளில் இருக்கும்.

அவர் கப்பலேறியதையும் தேடுங்கள். 1890 முதல் 1960 வரை பிரிட்டனிலிருந்து தொலைதூரத்துக்குக் கப்பலில் போனவர்களின் பட்டியல்கள் லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பினாங்குக்குப் போகிறவர், தொழில் தோட்ட நிர்வாகம் என்று ஒரு வரி கிடைத்தாலே கிராமமும் நம் ஊரும் ஒன்றாக இணைந்துவிடும். மலாயாவில் வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. துரைமார் வந்ததும் போனதும் அதில் துண்டுச் செய்திகளாக வரும்.

அப்புறம் மகளை நார்விச்சில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். போகும் முன் விவரம் கேட்டுக்கொள்ளட்டும், பேனா கூடாது, பென்சில்தான். சர்ச் பதிவேடுகள் கிடைக்கும். 1538-ல் தொடங்கிய வழக்கம் அது, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் எழுதுவார்கள். 1752-க்கு முந்திய ஏடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அப்போது புது வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. அதனால் 1740 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1741. இது தெரியாமல் பிள்ளை பிறந்த பிறகு கல்யாணம் நடந்ததாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

பெரிய வீட்டுப் பிரபுவின் பரம்பரையில் நேரத்தைக் கொட்ட வேண்டாம், அதை யாராவது எழுதியிருப்பார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை சர்ச்சுக்குக் கொடுப்பதுதான் தசமபாகம், அது பற்றி 1836-ல் வந்த சட்டத்தை ஒட்டி வரைந்த தசமபாக வரைபடத்தையும் அதோடு உள்ள பட்டியலையும் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் நம்பர், சொந்தக்காரர், பயிரிட்டவர், வயலின் பெயர்கூட இருக்கும். பிறகு பள்ளித் தலைமையாசிரியரின் குறிப்பேடு. அறுவடைக்கும் உருளைக்கிழங்கு பொறுக்கவும் பிள்ளைகள் போய்விட்டதால் வகுப்பு காலி என்று அதில் அலுத்துக்கொள்வார்கள். நம் தோட்டப் பள்ளி வாத்தியார்கள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் கிராமத்துச் சரித்திரம் நமக்கெதற்கு? நம் தோட்டங்களே அழிந்துகொண்டிருக்கின்றனவே! (வாசகி, ஈப்போ)

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு அம்மா. அதனாலேயே சொல்கிறேன். யார்க்‌ஷரில் வாரம் பெர்சி என்று ஒரு கிராமம் இருந்தது. ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களை விரட்டிவிட்டார்கள், இன்று கூரையில்லாத சர்ச்சும் புல்மேடுகளும்தான் மிச்சம். அந்த ஏழைகள் எங்கே படுத்தார்கள், என்ன தின்றார்கள் என்று 1950 முதல் 1990 வரை கோடைக்குக் கோடை தோண்டிப் பார்த்தார்கள். பெயர் தெரியாத உழவனின் வீட்டுக்கு நாற்பது வருஷம்! நம் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்து முப்பது நாற்பது வருஷம்தான் ஆகிறது, அங்கே பிறந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், தோண்டவே வேண்டாம், கேட்டால் போதும். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எது கையில் கிடைத்தாலும் போனில் படமெடுத்து, யார் வீட்டில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

போன தீபாவளிக்கு என் அத்தையிடம் கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் லயத்தை வரைந்து காட்டினேன். அத்தைக்கு எண்பத்து நாலு வயசு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கதவாக விரலை வைத்து, யார் இருந்தது, எந்த ஊர்க்காரர், எத்தனை பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினாலாவது கதவில் விரல் நின்றுவிட்டது. மறுநாள் விடியற்காலையில் போன் அடித்தது, தூக்கக் கலக்கத்தில் எடுத்தால் அத்தை, "ஆயாக்கொட்டகையில பிள்ளைங்கள பாத்துக்கிட்டாங்களே, அந்தம்மா வீடுடா அது" என்றார்.