டிக்கெட் வருகிறது, லாகின் மட்டும் பாதி நேரம் ஆகவில்லை!

கேள்வி: ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு கிளியரிங் செய்யும் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிறேன். சர்வர் பழசு, மெஷின்கள் புது லினக்ஸ், இரண்டிலும் இருக்கும் கெர்பரோஸ் (பாஸ்வேர்டைச் சரிபார்த்து, சர்வருக்குள் போக டிக்கெட் என்ற அனுமதிச் சீட்டு தரும் முறை) வேறு வேறு ஆட்கள் எழுதியது. டிக்கெட் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஆனால் சர்வருக்குள் போகும்போது பாதி நேரம் அதன் லாகில் ஏஎஸ்என்.1 (தகவலை எந்த வடிவில் எழுதி அனுப்புவது என்ற விதி) பிழை விழுகிறது. மறுபடி முயன்றால் சில சமயம் போய்விடுகிறது. என்ட்ரி போடும் பெண்கள் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறார்கள் என்று முதலாளி திட்டுகிறார். எங்கே தேடுவது சார்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அவர் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு தப்பென்றால் டிக்கெட்டே கிடைத்திருக்காது. கடிகாரக் கோளாறும் இல்லை, அதற்கு வரும் பிழையே வேறு.

பாதிக்குப் பாதி விழுகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. கெர்பரோஸ் இணைப்பு தொடங்கும்போது ஒரு வரிசை எண் போகும், 0 முதல் 4294967295 வரை ஏதோ ஒன்று, குலுக்கிப்போட்டு எடுப்பது. அதை பைட்டுகளாக எழுதும் டிஇஆர் என்ற ஏஎஸ்என்.1 முறையில் முதல் பிட் 1 ஆக இருந்தால் அது மைனஸ் எண். அதனால் 2147483648 என்றால் முன்னால் ஒரு வெற்று பைட் சேர்த்து 00 80 00 00 00 என்று ஐந்து பைட்டாக எழுத வேண்டும். பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு இது தெரியாது, 80 00 00 00 என்று நாலே பைட்டில் எழுதும், அல்லது ஐந்து பைட்டாக வந்ததைப் பெரிய எண் என்று தள்ளிவிடும். சரிபாதி எண்கள் 2147483648-இலும் அதற்கு மேலும் இருப்பதால்தான் சரிபாதி தோல்வி. பிழை சர்வர் பக்கம் பதிவாவதால், மெஷின் ஒழுங்காக அனுப்பியதைச் சர்வர் ஏற்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஊகத்தோடு நிற்காதீர்கள். ஒயர்ஷார்க்கில் (நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) நுழைந்த தடவை, நுழையாத தடவை இரண்டையும் பிடியுங்கள். அந்த எண் என்கிரிப்ட் ஆகியிருக்கும், சர்வரின் கீடேப் கொடுத்தால்தான் தெரியும். (கீடேப் என்பது சர்வரின் ரகசியச் சாவி இருக்கும் ஃபைல், பாஸ்வேர்டு மாதிரியே, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், வேலை முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடுங்கள்.) தோற்றவை எல்லாம் பெரிய எண்ணாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். சின்ன எண்ணிலும் விழுந்தால் கோளாறு வேறு, அந்த பைட்டுகளை எழுதி அனுப்புங்கள்.

2005-இல் வந்த ஆர்எஃப்சி 4120 என்ற கெர்பரோஸ் விதி ஆவணத்திலேயே இந்தப் பழைய வழக்கம் குறிப்பிடப்பட்டிருக்கிறது, மைனஸாக வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று. ஆகவே சர்வரை அப்டேட் செய்வதுதான் சரியான வழி. இப்போதைக்கு முடியாது என்றால் மெஷின்களில் எம்ஐடி கெர்பரோஸின் புது வெர்ஷனைப் போடுங்கள். இந்தத் தொல்லைக்காகவே அது ஆரம்ப எண்ணை 1073741823-ஐத் தாண்ட விடுவதில்லை.