ஆக்ஸானுக்கு வழி சொல்வது யார்? வாசகர் கேள்விகள் சில

போன முறை கருவில் மூளை உருவாவதைப் பற்றி எழுதியதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். மாறுகண் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் நீளமான பதில், ஏனென்றால் அதில் நாள் தள்ளினால் நஷ்டம் குழந்தைக்கு.

ஒரு நரம்பு செல் தான் போய்ச் சேர வேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்? எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறதா?

எழுத இடம் போதாது. நம்மிடம் இருப்பது சுமார் 20,000 ஜீன்கள். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள். ஆகவே ஜீன்கள் வழியில் கைகாட்டிகளை நட்டு வைக்கின்றன, நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையான ஆக்ஸான் அவற்றைப் பார்த்துப் பார்த்து நகர்கிறது.

எட்டு நாள் அடைகாத்த கோழி முட்டையிலிருந்து ஒரு நரம்பு முடிச்சை எடுத்துத் தட்டில் வளரவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இது தெரியும். மெல்லிய நூல், அதன் நுனியில் விரித்த உள்ளங்கை மாதிரி ஓர் அகலம், அதிலிருந்து விரல் விரலாக இழைகள். ஒரு விரல் நீண்டு முன்னால் தொடும், பிடிக்காவிட்டால் சுருங்கும், பக்கத்து விரல் வேறு பக்கம் துழாவும், எந்தப் பக்கம் பிடிப்புக் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் உள்ளங்கை மொத்தமும் நகரும். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவித் தடவித் தீப்பெட்டி தேடுகிற கை அப்படியே. சும்மா பார்த்தால் அசைவே தெரியாது, சில நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வளர்முனையை 1890இல் கண்டுபிடித்தவர் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால். சாயம் ஏற்றிய, உயிரில்லாத கோழிக் கருவின் தண்டுவடத்தைப் பார்த்துவிட்டு, இது முண்டி முன்னேறுகிற ஒன்று என்று சொன்னார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். உயிரோடு நரம்பு இழை வளர்வதை 1907இல் காட்டியவர் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வைத்து.

கைகாட்டிக்கு ஓர் உதாரணம். தண்டுவடத்தின் முதுகுப் பக்கம் பிறக்கும் சில நியூரான்களின் ஆக்ஸான்கள் வயிற்றுப் பக்கமாக இறங்கி, நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். நடுக்கோட்டுச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து அவற்றை இழுக்கின்றன. 1994இல் மார்க் டெஸ்ஸியே-லவீன் குழு அதைப் பிரித்தெடுத்து நெட்ரின் என்று பேர் வைத்தது, வழிநடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து. நேதாஜியில் இருக்கும் ‘நேதா’வும் அதே சொல்தான். சரி, இழுத்த இடத்துக்கு வந்த ஆக்ஸான் அங்கேயே ஏன் நின்றுவிடவில்லை? கடந்ததும் அதன் மேற்பரப்பில் ரோபோ என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடிக்கும் புரதம், கூடிவிடுகிறது. அதனால் அதே நடுக்கோட்டில் சுரக்கும் ஸ்லிட் என்ற இன்னொரு புரதம் இப்போது அதை விரட்டுகிறது, திரும்பி வர முடியாது. பழ ஈயில் இந்த ரோபோ ஜீன் கெட்டுப்போனால் ஆக்ஸான்கள் கடக்கும், திரும்பக் கடக்கும், அங்கேயே வட்டமடிக்கும். ரவுண்டானாவுக்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்தான் ரோபோ, இயந்திர மனிதனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனிதர்களில் இந்தக் குடும்பத்து ஜீன் ஒன்று பழுதானால், கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாமல், முதுகெலும்பும் வளைகிற அரிய நோய் வருகிறது.

என் மகனுக்கு 4 வயது. ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்புகிறது. டாக்டர் நல்ல கண்ணுக்குப் பேட்ச் போட்டு மூடச் சொல்கிறார். மாமியார், “மாறுகண் யோகம், நல்ல கண்ணை ஏன் மூடிக் கெடுக்கிறாய்?” என்கிறார்.

பேட்ச் போடுங்கள், தயவுசெய்து. எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொன்னாரோ அத்தனை மணி நேரம்.

அத்தையின் பயம் எனக்குப் புரிகிறது, வெளியிலிருந்து பார்த்தால் அது தலைகீழ் வைத்தியமாகத்தான் தெரியும். ஆனால் குறை கண்ணோடு நிற்பதில்லை, மூளைக்குள் போய்விடுகிறது. 1960களில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளுக்குப் பிறந்த புதிதில் ஒரு கண்ணிமையை மட்டும் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். விழித்திரை நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் செல்கள் ஏறக்குறைய எல்லாம் திறந்திருந்த கண்ணுக்கே வேலை செய்தன. வளர்ந்த பூனைக்கு மாதக்கணக்கில் மூடினாலும் அப்படி ஆகவில்லை. இன்னொரு விஷயம்தான் முக்கியம்: இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினால் ஒரு கண்ணை மூடியபோது வந்த அளவு பாதிப்பு வரவில்லை. அதாவது இரண்டு கண்ணிலிருந்தும் வரும் இழைகள் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, ஓய்ந்திருப்பவன் இடத்தை உழைப்பவன் எடுத்துக்கொள்கிறான். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் மகனின் மூளை, இரட்டையாகத் தெரியாமலிருக்க, திரும்பிய கண்ணின் படத்தை ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடினால் ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு வேலை வரும். 7 வயதுக்குள் இது நன்றாகப் பலிக்கும்; அதற்கு மேலும் பலருக்கு முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. பேட்ச் போட்டிருக்கும் நேரத்தில் படம் வரையவோ மணி கோக்கவோ வையுங்கள், கண்ணுக்குக் கிட்டத்து வேலை இருக்கட்டும். நல்ல கண் கெடாமலிருக்கச் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

வயது தாண்டிவிட்டது என்று எழுதியிருந்த இன்னொரு தாய்க்கு: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு பல வருஷம் வாழ்ந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, கூர்மை முழுசாக வராவிட்டாலும் முகங்களையும் பொருள்களையும் பார்த்து அறியக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

குழந்தை வளர வளர மூளையில் இணைப்புகள் குறைகின்றன என்று படித்தேன். இதைத் தடுக்க டானிக், மூளைப் பயிற்சி வகுப்பு ஏதாவது உண்டா?

தடுக்கக் கூடாது. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுவில் சினாப்ஸ்களை, அதாவது நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களை, எண்ணிப் பார்த்தார். பார்வைப் பகுதியில் 8 மாதக் குழந்தைக்குத்தான் உச்சம், பிறகு 11 வயதுக்குள் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. நெற்றிப் பக்கத்து மூளையில் இந்தக் கழித்தல் பதின்பருவம் வரை நடக்கிறது. தசையில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்: பிறந்த சுண்டெலியின் ஒரு தசை இழையில் பல ஆக்ஸான்கள் வந்து ஒட்டியிருக்கும், இரண்டு வாரத்தில் ஒன்றைத் தவிர மற்றவை பின்வாங்கிவிடும், விட்டுப்போன இடத்தில் மிஞ்சியது பரவி உட்கார்ந்துகொள்ளும். நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்து, பிறகு இடைவெளி விட்டு நடுகிறோம் இல்லையா? டானிக்குக்குக் கொடுக்கும் பணத்தில் கதைப் புத்தகம் வாங்குங்கள், கூட உட்கார்ந்து படியுங்கள்.

ஆறாவது மாதம். வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டுப் போட்டால் மூளை இணைப்பு கூடுமா?

வேண்டாம். சுமார் 25 வாரத்தில் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும், உங்கள் குரலே உடம்பு வழியாக உள்ளே போகிறது. பிறந்து மூன்று நாளுக்குள்ளேயே குழந்தைகள் தாயின் குரலைத் தேடிக் கேட்கின்றன என்று 1980லேயே காட்டிவிட்டார்கள். மூளை தானாகவும் ஒத்திகை பார்க்கிறது: பல விலங்குகளில் கண் திறக்கும் முன்பே விழித்திரையில் மின் அலைகள் எழுந்து மூளை வரை போய் இணைப்புகளைச் சீராக்குகின்றன. கார்லா ஷாட்ஸ் இதில் முக்கியமான வேலை செய்தவர். பாட்டுப் பிடித்தால் வீட்டில் போட்டு நீங்கள் கேளுங்கள், கூடவே பாடுங்கள்.

பிஎஸ்சி விலங்கியல் படிக்கிறேன். இந்தத் துறையில் நம் ஊரில் வேலை நடக்கிறதா?

நடக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் (4 முதல் 6 மாதம்) இருக்கும் கருவின் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து, ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடமாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. இலவசம். இன்று ராத்திரியே திறந்து பாருங்கள்.

அண்ணனுக்கு பைக் விபத்தில் மேற்கை நரம்பு அறுந்து, தைத்து 3 மாதம் ஆகிறது. விரல் அசையவே இல்லை. தோற்றுவிட்டதா?

3 மாதத்தில் அப்படி முடிவு கட்ட முடியாது. வெட்டுப்பட்ட ஆக்ஸானின் நுனியில் கருவில் இருந்த அதே மாதிரி வளர்முனை மறுபடி முளைக்கிறது, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. மேற்கையிலிருந்து விரல் தசை வரை 30 சென்டிமீட்டர் என்றால் 300 நாள். தண்டுவடத்தில் இப்படி வளராது, அங்கே நரம்பு உறையில் உள்ள புரதங்களும் தழும்பும் வழியை மறிக்கின்றன. கையில் பழைய உறைச் செல்களே பாதை போட்டுக் கொடுக்கும். ஆனால் தசை ரொம்ப காலம் காத்திருக்காது, ஒன்றரை வருஷம் போல இணைப்பில்லாமல் கிடந்தால் நரம்பு வந்தாலும் எழுந்திருப்பது கஷ்டம், அதனால் பிசியோதெரபியை விடக் கூடாது, பரிசோதனைக்குத் தவறக் கூடாது. அடுத்த முறை போகும்போது டாக்டரைத் தையல் போட்ட இடத்திலிருந்து கீழே விரலால் லேசாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்கிற நுனி இருக்கும் இடத்தில் தட்டினால் கை விரல்களில் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். அந்த இடத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் டாக்டரிடம் உடனே பேசுங்கள்.